கோட்டு சூட்டில் இருந்தபடி ஜீன்ஸ் விற்றவர்: யார் இந்த லீவை ஸ்ட்ராஸ்?

வெள்ளிக்கிழமை. ஆபீஸுக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு கிளம்புகிறீர்கள். அதன் வலது பக்க முன் பாக்கெட்டுக்குள் இன்னொரு குட்டி பாக்கெட் இருக்கும். சில்லறைக் காசோ, பைக் சாவியோ போட்டுவைப்போம். பாக்கெட்டுகளின் ஓரங்களில் செம்பு நிறத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் தட்டுப்படும். பார்த்தால் சும்மா அலங்காரத்துக்கு வைத்த மாதிரித்தான் இருக்கும்.

ஆனால் இரண்டுமே அலங்காரம் இல்லை. குட்டி பாக்கெட், சங்கிலியில் தொங்கும் பாக்கெட் கடிகாரத்தை வைப்பதற்காக வந்தது. செம்பு வட்டங்கள், சுரங்கத்திலும் காட்டிலும் வேலை செய்தவர்களின் பாக்கெட் கிழியாமல் இருக்க அடிக்கப்பட்ட ரிவெட்டுகள். இன்று நாம் 'கேஷுவல்' என்று சொல்லும் உடை, பிறந்தபோது கடும் உழைப்பாளிகளின் வேலை உடுப்பு. அதைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு எந்த ஆபீஸ் வாசலிலும் மரியாதையோடு நுழைந்திருக்க முடியாது.

அந்த உடுப்பை உலகத்துக்கு விற்ற மனிதர் லீவை ஸ்ட்ராஸ். அவருடைய கதையில் வெற்றி இருக்கிறது, நட்பு இருக்கிறது, கொஞ்சம் சங்கடமும் இருக்கிறது. அவர் யார், ஜீன்ஸ் உண்மையில் யாருடைய யோசனை, அது எப்படி ஆபீஸுக்குள் வந்தது என்று பார்ப்போம்.

பவேரியாவில் பிறந்த லோப்

1829 பிப்ரவரி 26. இன்றைய ஜெர்மனியின் பவேரியா பகுதியில் உள்ள புட்டன்ஹைம் என்ற சிற்றூரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லோப். அப்பா ஹிர்ஷ், துணிமணிகளையும் சாமான்களையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்கும் வியாபாரி.

அன்றைய பவேரியாவில் யூதர்களுக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். ஓர் ஊரில் இத்தனை யூதக் குடும்பங்கள்தான் இருக்கலாம் என்று அரசே பதிவேடு வைத்துக் கணக்குப் பார்த்தது. அந்தப் பதிவேட்டில் இடம் காலியாகாமல் ஓர் இளைஞர் கல்யாணம் செய்துகொண்டு சொந்த ஊரில் குடித்தனம் நடத்துவதே கஷ்டம். அதனால் இளைஞர்கள் பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். லோப்பின் அண்ணன்கள், அதாவது அப்பாவின் முதல் மனைவியின் மகன்களான ஜோனாஸும் லூயிஸும், ஏற்கெனவே நியூயார்க் போய் ஜவுளி வியாபாரம் தொடங்கியிருந்தார்கள்.

1846-ல் அப்பா காசநோயால் இறந்துபோனார். மறு வருடமே அம்மா ரெபேக்கா, லோப்பையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு நியூயார்க் கிளம்பினார். அப்போது லோப்புக்கு வயது 18. அமெரிக்கர்கள் வாயில் 'லோப்' நுழையவில்லை. அங்கே அவர் 'லீவை' ஆனார். அண்ணன்களிடம் தொழில் கற்றுக்கொண்டார்.

தங்கம் தோண்டப் போகவில்லை

1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் அங்கே ஓடினார்கள். லீவையும் போனார். ஆனால் மண்வெட்டியோடு இல்லை, சரக்கோடு.

1853-ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கையோடு, பனாமா வழியாக சான் ஃபிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தார். பனாமா கால்வாயெல்லாம் அப்போது கிடையாது. ஒரு கடலில் இறங்கி, நிலப்பகுதியைக் கடந்து, அடுத்த கடலில் மறுபடியும் கப்பல் ஏற வேண்டும்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் தொடங்கியது மொத்த வியாபாரம். நியூயார்க்கில் இருந்து அண்ணன்கள் துணி, போர்வை, கைக்குட்டை, உள்ளாடை என்று கப்பலில் அனுப்புவார்கள். அவற்றைச் சுற்றுவட்டாரத்தில் உள்ள சின்னக் கடைகளுக்கு லீவை விற்பார். அக்கா ஃபேனியின் கணவர் டேவிட் ஸ்டெர்னும் வந்து சேர்ந்துகொண்டார். 1863-ல் கடையின் பெயர் 'லீவை ஸ்ட்ராஸ் அண்ட் கோ' ஆனது. 1866-ல் பேட்டரி தெருவில் பெரிய கட்டடத்துக்கு மாறினார்கள்.

இங்கே ஒரு கட்டுக்கதையை நிறுத்திவிட வேண்டும். கூடாரம் அடிக்கக் கித்தான் துணி கொண்டுவந்த லீவை, அது விற்காததால் சுரங்கத் தொழிலாளர்களுக்கு பேன்ட் தைத்துக் கொடுத்தார், அதுதான் முதல் ஜீன்ஸ் என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோ வந்து சுமார் 20 வருடங்கள் வரை ஜீன்ஸ் என்ற பேச்சே அவர் வாழ்க்கையில் கிடையாது. அந்த யோசனை வேறொருவருடையது.

ரெனோ டெய்லரின் யோசனை

அவர் பெயர் ஜேக்கப் டேவிஸ். ரஷ்யப் பேரரசின் ரிகா நகரில், அதாவது இன்றைய லாட்வியாவில், 1831-ல் பிறந்தவர். இவரும் யூதர், இவரும் பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தவர். பல ஊர், பல தொழில் பார்த்துவிட்டு, கடைசியில் நெவாடா மாநிலத்தின் ரெனோ என்ற ரயில்வே ஊரில் டெய்லராக உட்கார்ந்தார். கூடாரம், வண்டிக்கான மூடுதுணி, குதிரைக்கான போர்வை என்று கெட்டியான துணிகளில் தைப்பதுதான் அவருடைய வேலை. அதற்கான துணி எங்கிருந்து வந்தது? லீவையின் கடையிலிருந்துதான்.

1870-ன் முடிவை ஒட்டிய நாட்களில் ஒரு பெண் அவர் கடைக்கு வந்தார். கணவர் மரம் வெட்டுபவர். எந்த பேன்ட் வாங்கினாலும் சீக்கிரமே கிழிந்துவிடுகிறது, கிழியாத மாதிரி ஒன்று வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

பேன்ட் எங்கே கிழியும்? துணியின் நடுவில் இல்லை, தையலில். அதிலும் பாக்கெட்டின் ஓரத்தில். ஆணி, கருவி, கல் என்று எதையாவது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தால், மொத்த இழுவையும் அந்த மூலையில்தான் விழும். குதிரைப் போர்வையில் வார்களைப் பிடித்து வைக்க டேவிஸ் பயன்படுத்தும் செம்பு ரிவெட்டுகள் மேஜை மேல் கிடந்தன. பாக்கெட் மூலைகளில் அவற்றை வைத்து அடித்தார். அந்த பேன்ட்டின் விலை 3 டாலர். நீலம்கூடக் கிடையாது, வெளுத்த நிறக் கெட்டித் துணி.

பேன்ட் கிழியவில்லை. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் கேட்டு வர ஆரம்பித்தார். அடுத்த ஒன்றரை வருடத்தில் சுமார் 200 உருப்படிகளை டேவிஸ் தைத்துவிட்டார்.

68 டாலர் இல்லாததால்...

சின்ன ஊரில் ஒரு பொருள் நன்றாக விற்றால் பக்கத்துக் கடைக்காரர் காப்பியடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? டேவிஸுக்கு அந்தப் பயம் வந்தது. காப்புரிமை வாங்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு 68 டாலர். ஒரு பேன்ட் 3 டாலர் என்றால், 22 பேன்ட் விற்றாலும் அந்தத் தொகை தேறாது. துணி வாங்கிய செலவு வேறு இருக்கிறது. முன்பு வேறு சில கண்டுபிடிப்புகளுக்காகக் காப்புரிமைக்குக் காசு செலவழித்துப் பெரிதாக எதுவும் தேறாததால், வீட்டிலும் இதற்கு ஆதரவு இல்லை.

1872 ஜூலையில் டேவிஸ் ஒரு முடிவு எடுத்தார். தனக்குத் துணி விற்கும் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்துக்கே கடிதம் எழுதினார். கூடவே மாதிரிக்கு இரண்டு பேன்ட்களையும் அனுப்பினார். காப்புரிமைச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், உரிமையைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

லீவை நினைத்திருந்தால் கடிதத்தைக் குப்பையில் போட்டிருக்கலாம். அல்லது யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு டெய்லரைக் கழற்றிவிட்டிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. ஒப்புக்கொண்டார். காப்புரிமை அலுவலகத்தில் கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு, 1873 மே 20 அன்று 139,121 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இருப்பது ஜேக்கப் டேவிஸின் பெயர். உரிமை, அவருக்கும் லீவையின் நிறுவனத்துக்கும் சேர்த்து.

ரெனோ கடையைக் கட்டிவிட்டு டேவிஸ் குடும்பத்தோடு சான் ஃபிரான்சிஸ்கோ வந்தார். உற்பத்தியை மேற்பார்வையிடும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. ஆரம்பத்தில் வெட்டிய துணியை வீடு வீடாகக் கொடுத்துப் பெண்களிடம் தைத்து வாங்கினார்கள். தேவை கூடியதும் ஃபேக்டரி வந்தது.

ஆக, ஜீன்ஸ் ஒரு தனி மேதையின் கண்டுபிடிப்பு இல்லை. பெயர் தெரியாத ஒரு மரவெட்டியின் மனைவி கேட்டார், ஒரு டெய்லர் யோசித்தார், ஒரு வியாபாரி நம்பிப் பணம் போட்டார். இடுப்புப் பட்டையில் மிஞ்சியது மூன்றாமவரின் பெயர் மட்டும்தான்.

நீலம் ஏன்? சாயம் ஏன் போகிறது?

இந்த பேன்ட்களை டெனிம் துணியிலும் தைத்தார்கள். டெனிமில் பாவு நூலுக்கு மட்டும் அவுரி நீலம் ஏற்றுவார்கள், ஊடை நூல் வெள்ளையாகவே இருக்கும். அதனால்தான் ஜீன்ஸின் உள்பக்கம் வெளுப்பாகத் தெரிகிறது. இந்த நீலச் சாயம் நூலின் மேற்பரப்பில்தான் அதிகம் தங்கும், உள்ளே முழுசாக ஊறாது. போடப் போட, துவைக்கத் துவைக்க, உரசும் இடமெல்லாம் வெளுக்கும். இன்று காசு கொடுத்து வாங்கும் 'ஃபேடட்' லுக், அன்று ஒரு தொழிலாளி முழங்காலில் மண்டியிட்டு வேலை செய்ததன் அடையாளம்.

உழைப்பாளிகள் உடுத்திய நீலத் துணிக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய டோங்ரி பகுதியின் பெயரில் விற்கப்பட்ட முரட்டுத் துணிதான் ஆங்கிலத்தில் 'டங்கரீ' என்ற சொல்லானது. இண்டிகோ என்ற பெயருக்கே இந்தியாவிலிருந்து வருவது என்றுதான் பொருள்.

லீவை காலத்தில் யாரும் இதை ஜீன்ஸ் என்று சொல்லவில்லை. 'இடுப்பு ஓவரால்' என்றுதான் சொன்னார்கள். பெல்ட் மாட்டும் வளையம் கிடையாது, தோளில் மாட்டும் பட்டைக்கான பட்டன்கள்தான் இருந்தன. பின்னால் ஒரே ஒரு பாக்கெட். இரண்டாவது பின் பாக்கெட் 1901-லும், பெல்ட் வளையங்கள் 1922-லும் வந்தன.

கறுப்புக் கோட்டு முதலாளி

இந்த பேன்ட்டை வாங்கியவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், மாடு மேய்ப்பவர்கள், ரயில் பாதை போட்டவர்கள், விவசாயிகள். விற்ற லீவையோ நமக்குக் கிடைக்கும் படங்களில் எல்லாம் கோட்டு, டை சகிதம் இருக்கிறார். அன்றைக்கு உடைதான் ஒருவருடைய இடத்தைச் சொல்லும் அடையாள அட்டை. கையால் வேலை செய்பவருக்கு ஓர் உடுப்பு, கணக்குப் பார்ப்பவருக்கு வேறு உடுப்பு. இந்தக் கோட்டை யாரும் தாண்ட மாட்டார்கள்.

ஆனாலும் பழக்கத்தில் லீவை எளிமையானவர். வேலையாட்கள் தன்னை 'மிஸ்டர் ஸ்ட்ராஸ்' என்று கூப்பிடாமல் 'லீவை' என்று பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும் என்று விரும்பினார். முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இன்றைய ஐ.டி. கம்பெனிப் பழக்கத்துக்கு ரொம்ப முன்னால் நடந்த விஷயம் இது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா ஃபேனியின் குடும்பத்தோடுதான் வாழ்ந்தார். 1874-ல் அக்காவின் கணவர் இறந்த பிறகு, அந்தப் பிள்ளைகள்தான் பின்னாளில் தொழிலில் அவருக்குக் கைகொடுத்தார்கள்.

அனாதை இல்லங்களுக்கு உதவினார். யூத இல்லம், கத்தோலிக்க இல்லம் என்று பார்க்கவில்லை. 1897-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 28 மாணவர்களுக்கான உதவித்தொகைக்குப் பணம் கொடுத்தார்.

பாக்கெட்டில் அச்சடிக்கப்பட்ட வெறுப்பு

இந்த வாழ்க்கையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1870-களில் அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்தது. வேலையில்லாதவர்களின் கோபம் கலிஃபோர்னியாவில் இருந்த சீனத் தொழிலாளர்கள் மேல் திரும்பியது. 1877-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனர்களுக்கு எதிராகக் கலவரமே நடந்தது. 1882-ல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அது முழுசாக ரத்தாக 1943 வரை ஆனது.

அந்த அலையோடு லீவையின் நிறுவனமும் போனது. தங்கள் உடைகள் வெள்ளைத் தொழிலாளர்களால் மட்டுமே தயாராகின்றன என்று விளம்பரம் செய்தது, உடையிலேயே அச்சடித்தது. 1880-களைச் சேர்ந்த ஒரு ஜீன்ஸ், கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் கிடைத்து, 2022-ல் நியூ மெக்சிகோவில் 76,000 டாலருக்கு ஏலம் போனது. அதன் பாக்கெட் துணியில் அந்த வாசகம் இருக்கிறது.

பிறந்த ஊரில், பிறப்பை வைத்து ஆள் கணக்குப் பார்த்த அரசிடமிருந்து தப்பி வந்த குடும்பம் அது. அதே குடும்பத்தின் பெயர் தாங்கிய நிறுவனம், இன்னொரு இனத்தவரை ஒதுக்கியதை விற்பனைத் தந்திரமாக்கியது. தருமம் செய்ததும் உண்மை, இதுவும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க வழியில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை

1890-ல் ரிவெட்டுக்கான காப்புரிமை முடிந்தது. இனி யார் வேண்டுமானாலும் அப்படித் தைக்கலாம். அந்தச் சமயத்தில்தான் நிறுவனம் தன் பிரபலமான பேன்ட்டுக்கு 501 என்ற எண்ணைக் கொடுத்தது.

1902 செப்டம்பர் 26 அன்று, 73 வயதில், லீவையின் உயிர் பிரிந்தது. அது ஒரு வெள்ளிக்கிழமை. சொத்து மதிப்பு சுமார் 60 லட்சம் டாலர். நிறுவனம் அக்கா பிள்ளைகள் நால்வருக்குப் போனது.

நான்கு வருடங்கள் கூட ஆகவில்லை. 1906 ஏப்ரல் 18-ல் சான் ஃபிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் தாக்கியது, தொடர்ந்து நகரமே எரிந்தது. நிறுவனத்தின் தலைமையகமும், அதிலிருந்த பழைய ஆவணங்களும் சாம்பலாயின. காகிதம் போன இடத்தைக் கட்டுக்கதைகள் நிரப்பிக்கொண்டன. கூடாரத் துணிக் கதை அப்படி ஒட்டிக்கொண்ட ஒன்றுதான். ஜேக்கப் டேவிஸ் 1908-ல் காலமானார்.

சுரங்கத்திலிருந்து ஆபீஸுக்கு

லீவை இறந்தபோதும் ஜீன்ஸ் வேலை உடுப்புதான். அது எப்படி எல்லோருடைய உடையாகவும் ஆனது?

1930-களில் கௌபாய் சினிமாக்கள் பிரபலமாயின. நகரத்துப் பணக்காரர்கள் விடுமுறைக்கு மேற்குப் பகுதிப் பண்ணைகளுக்குப் போய், அங்கிருந்து ஜீன்ஸ் வாங்கி வந்தார்கள். 1934-ல் பெண்களுக்கென்று தனியாக ஒரு ஜீன்ஸ் வந்தது. உட்காரும் இடம் மாறியதும் பிரச்சினையும் மாறியது. பின் பாக்கெட் ரிவெட்டுகள் குதிரைச் சேணத்தையும் பள்ளிக்கூட பெஞ்சையும் கீறுகின்றன என்று புகார் வந்ததால், 1937-ல் அவற்றைத் துணிக்குள் மறைத்துத் தைத்தார்கள்.

1950-களில் மார்லன் பிராண்டோவும் ஜேம்ஸ் டீனும் திரையில் ஜீன்ஸோடு வந்தார்கள். இளைஞர்கள் மயங்கினார்கள், பள்ளிகள் தடை போட்டன. 1951-ல் புகழின் உச்சியில் இருந்த பாடகர் பிங் கிராஸ்பி, டெனிம் உடையில் வான்கூவர் ஹோட்டலுக்குப் போனபோது அறை கொடுக்கத் தயங்கினார்கள். அதைக் கேள்விப்பட்ட லீவை நிறுவனம், டெனிமிலேயே அவருக்கு ஒரு டக்சீடோ கோட்டு தைத்துக் கொடுத்தது.

1960-களில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக ஊர் ஊராகப் போன மாணவர்கள், வேண்டுமென்றே டெனிம் ஓவரால் அணிந்தார்கள். அந்த ஊர்களின் ஏழை விவசாயிகள் அணிந்த உடை அது. நாங்கள் உங்களில் ஒருவர் என்று சொல்வதற்கு அதைவிட எளிய வழி இல்லை. சுமார் 1960 முதல்தான் நிறுவனமே தன் விளம்பரங்களில் 'ஜீன்ஸ்' என்ற பெயரைப் பயன்படுத்தத் தொடங்கியது.

ஆபீஸ் கதவு திறக்க இன்னும் நாள் பிடித்தது. ஹவாயில் 1960-களிலேயே, வெள்ளிக்கிழமைகளில் பூப்போட்ட 'அலோஹா' சட்டை அணிந்து வேலைக்கு வரும் பழக்கம் தொடங்கிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம். சம்பளம் உயர்த்த முடியாத நிறுவனங்களுக்கு, வெள்ளிக்கிழமை சாதாரண உடையில் வரலாம் என்பது காசு செலவில்லாத சலுகை. ஆனால் எது கேஷுவல், எது அலங்கோலம் என்று எச்.ஆர். மேலாளர்களுக்கே குழப்பம்.

அந்த இடைவெளியில் லீவை நிறுவனம் புகுந்தது. 1992-ல் கேஷுவலாக, அதே சமயம் கண்ணியமாக ஆபீஸுக்கு எப்படி வரலாம் என்று படங்களோடு ஒரு கையேடு அச்சடித்து, சுமார் 25,000 எச்.ஆர். மேலாளர்களுக்கு அனுப்பியது. அதில் அது முன்னிறுத்தியது ஜீன்ஸைவிடத் தன்னுடைய 'டாக்கர்ஸ்' காக்கி பேன்ட்களைத்தான். 1995-ல் ஐ.பி.எம். தலைமையகமே கோட்டு சூட்டுக் கட்டாயத்தைத் தளர்த்தியது. 2019-ல் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியும் உடை விதியை நெகிழ்த்தியது.

மாறியது உடையா, மரியாதையா?

இந்தக் கதையில் துணி பெரிதாக மாறவில்லை. அதே டெனிம், அதே ரிவெட், அதே குட்டி பாக்கெட். மாறியது, அதை யார் போடுகிறார்கள் என்பதுதான். மரவெட்டி போட்டபோது அது தாழ்ந்த உடுப்பு. நடிகர் போட்டபோது அடங்காமை. பெரிய சம்பளக்காரர் போட்டபோது கேஷுவல்.

இன்றும் ஜீன்ஸைத் தைப்பவர், சாயம் ஏற்றுபவர், 'ஃபேடட்' லுக்குக்காகத் தேய்ப்பவர் எல்லோரும் கையால் உழைப்பவர்கள்தான். அவர்கள் செய்யும் எதுவும் கேஷுவலான வேலை இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் குட்டி பாக்கெட்டில் விரல் விடும்போது, ஓரத்தில் இருக்கும் ரிவெட்டையும் தொட்டுப் பாருங்கள். பின்னால் பெயர் இருப்பது லீவைக்கு. அந்த ரிவெட், 68 டாலர் கையில் இல்லாத ஒரு டெய்லருடையது.